நாற்பதாவது நிமிடத்தில் நிற்கும் கார்

ஆறே மாதம் என்று சொல்லித்தான் மெக்கானிக் தன் மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஸ்பேனர் பெட்டியை இறக்கினான். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவன் வாடகைக்கு இருந்த பட்டறையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை இங்கே இருக்கட்டும் என்று பேச்சு. அந்த ஆறு மாதம் இழுத்து இழுத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. கீழே பட்டறை, மேலே குடித்தனம், இரண்டுக்கும் நடுவில் மாமனார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சும்மா சொல்லக் கூடாது, தெருவில் எல்லோரும் நல்ல மனிதர்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள்.

மாமனார் முப்பது வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கட்டடமாகப் போய், லிஃப்டில் ஏறி இறங்கி, கயிறு சரி, கதவு சரி, இத்தனை பேர்தான் ஏறலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டிவிட்டு வருவது அவர் வேலை. வேலை போனாலும் எழுதி ஒட்டின கை சும்மா இருக்குமா? வீடு முழுக்க அட்டைதான். குளியலறைக் கதவில் ‘பன்னிரண்டு நிமிடம் மட்டும்’. மாடிப்படியில் ‘செருப்போடு ஏற வேண்டாம்’. பட்டறைக் கதவின் உள்பக்கம், மாப்பிள்ளையின் கண்ணில் தினமும் படும்படி, ‘சுத்தியல் சத்தம்: காலை பத்து முதல் மாலை ஐந்து வரை’. சுத்தியலைத் தூக்குவதற்கு முன்னால் மணி பார்க்க வேண்டிய மெக்கானிக்கின் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள். மூச்சு விடுவதற்கும் ஒரு நாள் அட்டை வந்துவிடும் என்று அவன் மனைவியிடம் சொல்வான். அவள் சிரிப்பாள். அவனுக்குச் சிரிப்பு வராது.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது. ஒரு நாள் ரயில் தூரத்தில் இருந்த வேறொரு ஊரில், எண்பது பஸ் ஓட்டுகிற கம்பெனி அவனைப் பணிமனைத் தலைவனாகக் கூப்பிட்டது. இப்போது இருக்கிறவர் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறுகிறார், அவர் போனதும் ஒன்றாம் தேதி வந்து சேரலாம். குடியிருக்க வீடும் தருவார்கள். அவன் கடிதத்தை நாலு தடவை படித்தான், நாலு தடவையும் வீடு என்ற இடத்தில் நின்று நின்று படித்தான். தனி வீடு, தனிக் கதவு, அந்தக் கதவில் ஒரு அட்டையும் இருக்காது. அந்த வேலை கைவிட்டுப் போனால் இந்தப் படிக்கட்டிலேயே கிழவனாகிச் செத்துப்போவேன் என்று அவனுக்குத் தோன்றியது. அது மிகையில்லை, அன்றைக்கு அவன் உண்மையிலேயே அப்படித்தான் பயந்தான்.

மனைவியிடம் அன்றைக்கே சொன்னான். அவள் ஊருக்குக் குழாயில் விடும் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். ஒன்பது வருஷம் பாட்டில் கழுவி, பாட்டில் நிரப்பி, போன வருஷம்தான் அங்கே தலைமைப் பரிசோதகர் ஆகியிருந்தாள். என் வேலை என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அந்த ஊர் ஜனங்களும் தண்ணீர் குடிக்கத்தானே செய்கிறார்கள் என்று அவன் சொல்லிச் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவன் பாட்டுக்கு மாமனாரிடம் போய்விட்டான்.

மாமனார் கடிதத்தைக் கண்ணாடி போட்டு ஒரு முறையும் கழற்றிவிட்டு ஒரு முறையும் படித்தார். பிறகு தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், துணிக் கூரை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், அதில் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். அவருக்குக் கல்யாணமான வருஷம் வாங்கியது. மாமியார் காலமான பிறகு வீட்டில் முதல் மரியாதை அதற்குத்தான், மாப்பிள்ளைக்கு நாலாவதோ ஐந்தாவதோ. அந்தக் கார் சில வாரங்களாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அழகாகக் கிளம்பும், ஜோராக ஓடும், நாற்பது நிமிடம் ஆனால் இருமி இருமி நின்றுவிடும். மாமனார் நடுரோட்டில் நின்றுகொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போடுவார்.

“நீங்க இந்த வீட்டுக்கு வந்தப்ப அது ஓடிக்கிட்டிருந்துச்சு மாப்ள,” என்றார். “போறப்பவும் ஓடணும். சுரங்கப்பாதை தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போய், நிக்காம திரும்பி வரட்டும். உங்க பெட்டியை நானே தூக்கி ரயில்ல வெக்கறேன்.”

இவனும் ரோஷக்காரன். பெட்ரோல் கோளாறு என்றால் பக்கத்து ஊரிலிருந்துகூட இவனைத் தேடிக்கொண்டு வருவார்கள், பஸ் கம்பெனிக்காரன் கூப்பிட்டதும் அந்தப் பெயருக்காகத்தான். அதைச் சரி பண்ணாமல் இந்த வீட்டுப் படியை விட்டு இறங்க மாட்டேன் என்று வாயை விட்டுவிட்டான். தன் காலில் தானே கட்டிக்கொண்ட சங்கிலி அது. ஐந்து மாதம் இருக்கிறதே, ஐந்து நாளில் முடிகிற வேலை என்று நினைத்தான்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கே தடைப்படுகிறது என்பதுதான் கேள்வி. ஃபில்டரை மாற்றினான். குழாயையெல்லாம் கழற்றிக் காற்றடித்து ஊதினான். பெட்ரோல் பம்ப்பின் வாயை ஒரு பாட்டிலில் விட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிடத்தில் எவ்வளவு கொட்டுகிறது என்று அளந்தான், புதுக் கார்கூட அப்படிக் கொட்டாது. இருந்தாலும் சந்தேகத்துக்குப் புதுப் பம்ப் போட்டான். கார்புரேட்டர் இரண்டையும் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளிலெல்லாம் கம்பி விட்டுக் குடைந்தான். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறதோ என்று குழாய்க்குத் துணி சுற்றினான். பட்டறையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அது பாட்டுக்கு ஓடியது. மாமனார் கையில் கொடுத்தால் நாற்பதாவது நிமிடம் நின்றது.

மாமா ஓட்டுகிற லட்சணம் அப்படி என்று அவன் மனைவியிடம் பொருமினான். மாப்பிள்ளை பார்க்கிற வேலையின் லட்சணம் அப்படி என்று அவர் அவளிடம் பொருமினார். நடுவில் அவள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காரில் பெட்ரோல் அளவு காட்டுகிற முள் செத்துப் பல வருஷம். அதனால் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் காரியமாக டேங்க் மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை விட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பான். பெட்ரோலே இல்லாத வண்டியை நாள் முழுக்கப் பிரித்துப் போட்டு அசடு வழிந்த மெக்கானிக்குகளை அவனுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் சேர அவன் தயாராக இல்லை. பட்டறையில் ஓடவிட்ட இரண்டு மணி நேரத்திலும் கால் மணிக்கு ஒரு தரம் குச்சி விட்டுப் பார்த்தான். நடுரோட்டில் நின்ற காரை எடுத்து வரப் போகிறபோதும் அதேதான். முதலில் மூடி, குச்சி, பாதி டேங்க் இருக்கிறது, சரி. மூடியைத் திருகிவிட்டுப் பானெட்டைத் திறப்பான். அன்றைக்கு எது கைக்கு அகப்பட்டதோ அதைக் கொஞ்சம் தட்டுவான், திருகுவான், துடைப்பான். சாவியைப் போட்டதும் கார் சமர்த்தாகக் கிளம்பிவிடும். ஆகா, இதுதான் கோளாறு, பிடித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வருவான். இப்படி ஒன்பது தடவை கோளாறைப் பிடித்துவிட்டான் மனிதன். ஒன்பது தடவையும் வேறு வேறு கோளாறு.

கிட்டத்தட்ட ஐந்து மாதம் இப்படியே ஓடியது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் கார்புரேட்டர் வந்து நின்றது. விரல் நுனியெல்லாம் பெட்ரோல் பட்டுத் தோல் உரிந்தது. ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள்தான் பாக்கி. மாமனார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கிழித்தார்.

அன்று விடுமுறை நாள். கடைசியாக ஒரு முறை முழு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் காரை வெளியே எடுத்தான். சாட்சிக்கு மாமனார் வர வேண்டும், ஆனால் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார முடியாது. என் பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள் என்றார், அவள் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நான் பார்த்த மாதிரிதான், என் பெண் பொய் சொல்ல மாட்டாள். அவள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பெட்ரோல் பற்றிய சந்தேகமே வரக் கூடாது என்று தெருமுனை பங்கில் டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பினான். நிறைந்த டேங்குக்கு எதற்குக் குச்சி? குச்சியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு கிளம்பினான்.

ஊரைத் தாண்டியதும் காற்று நன்றாக அடித்தது. பல மாதம் கழித்து இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வந்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. புது ஊர் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும், அவன் மேஜையை எங்கே போடலாம், யாரும் எழுதி ஒட்டாத குளியலறையில் அரை மணி நேரம் நின்று குளிப்பது என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் பெட்ரோல் டேங்க் இருக்கும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவன் அதைக் கவனித்தான், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

சுரங்கப்பாதைக்குள் நுழைந்து பாதி தூரம் போயிருப்பார்கள். கார் ஒரு முறை இருமியது. இருபத்தைந்தாவது நிமிடம்தான், நாற்பதுகூட ஆகவில்லை. மறுபடி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

சுரங்கப்பாதை என்றால் போக ஒரு தடம், வர ஒரு தடம், ஓரம் என்று ஒன்று கிடையாது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தம் சுவரில் மோதி நாலு சத்தமாகக் கேட்டது. அந்த லாரிக்குப் பின்னால் எத்தனை வண்டியோ, எல்லோரும் ஹாரனை அமுக்கினார்கள். காருக்கு முன்னால், தூரத்தில், சுரங்கத்தின் வாய் ஒரு சின்ன வெளிச்ச வட்டமாகத் தெரிந்தது, பின்னால் புகை. கூரையோ துணி. எதிர்த்தடத்தில் வருகிறவன் கொஞ்சம் தடம் மாறினால் இரண்டு பேரையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மெக்கானிக் குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்து டார்ச்சை அடித்தான். பெட்ரோல் ஓட்டம் தெரிவதற்காகக் கண்ணாடி மாதிரியான குழாய் ஒன்று போட்டு வைத்திருந்தான், அதில் வெறும் குமிழி. பம்ப் மட்டும் டக் டக் டக் என்று வெறும் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் புதுசு, எல்லாம் சரி, பெட்ரோல் மட்டும் இல்லை. லாரிக்காரன் இறங்கி வந்து, தள்ளவாவது செய்யய்யா, இங்கே நின்று சாகவா என்று கத்தினான். அவன் பம்ப்பை ஸ்பேனரால் தட்டினான். குழாயைப் பிதுக்கினான். அழுகை வரும்போல இருந்தது, வந்தும்விட்டது.

காரின் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. லாரி வெளிச்சத்தில் அவள் காரின் பின்பக்கம் போவது தெரிந்தது. குனிந்து டேங்க் மூடியைத் திருகினாள். அத்தனை ஹாரனுக்கு நடுவிலும் அவனுக்கு அது கேட்டது, காற்றை உறிஞ்சிக்கொள்கிற ஒரு நீளமான சத்தம். டேங்க் மூச்சை இழுத்து விட்டது. அவள் மூடியைத் திரும்பத் திருகிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க,” என்றாள்.

குழாயைப் பார்த்தான். குமிழியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் ஏறி வந்தது. சாவியைப் போட்டான். கார் கிளம்பியது.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, சாலை கொஞ்சம் அகலமாகிற இடத்தில் ஓரங்கட்டினான். லாரிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். அதற்குள் மெக்கானிக்கின் தலைக்குள் எல்லாம் வரிசையாகப் போய்ப் பொருந்திவிட்டது. வருஷ ஆரம்பத்தில் டிக்கிப் பக்கம் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று மாமனார் முனகினார். பழைய மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, வாசனை இம்மிகூட வெளியே வராத புது மூடி போட்டவன் இவன்தான். பழைய மூடியில் காற்று நுழைய ஊசித்துளை ஒன்று இருந்திருக்கும். புது மூடியில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் டேங்க் பெட்ரோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பம்ப் தலைகீழாக நின்றாலும் கொடுக்காது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று சீக்கிரமே தீர்ந்துபோகும், இன்றைக்கு முன்னாலேயே நின்றது அதனால்தான். குச்சி விட்டுப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து, கோளாறைக் கையாலேயே விரட்டிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அதைத் தேடியிருக்கிறான். அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். அது அரை நிமிடத்துக்குத்தான். அப்புறம் அவள் பக்கம் திரும்பினான்.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“நாலு மாசமா.”

நாலு மாதம் முன்னால் அப்பாவோடு போனபோது இதே மாதிரி நின்றது என்று அவள் சொன்னாள். பெட்ரோல் இருக்கிறதா பார் என்று அப்பா சொல்ல, அவள் மூடியைத் திறந்தாள், சத்தம் கேட்டது. ஆய்வுக்கூடத்தில் இறுக்கி மூடிய பாட்டில்களை நாள் முழுக்கத் திறக்கிறவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மறு வாரம் தானே ஒரு முறை ஓட்டிப் போய், நின்றதும் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

அவனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உரிந்த விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். நாலு மாதமாக என்னைப் பைத்தியக்காரனாக்கி வேடிக்கை பார்த்திருக்கிறாயே, ராத்திரி தூங்காமல் புரண்டது தெரியாதா, உன் அப்பா காலண்டரைக் கிழித்தது காதில் விழவில்லையா என்று வாய்க்கு வந்தபடி பேசினான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

“நீங்க என்னைக் கேக்கவே இல்ல,” என்றாள்.

“உன்கிட்டதான் மொதல்ல சொன்னேன்.”

“சொன்னீங்க. கேக்கல. வர்றியான்னு ஒரு வார்த்தை கேக்கல. தண்ணி குடிக்கத்தானே செய்யறாங்கன்னு சிரிச்சீங்க, அப்பாகிட்ட போயிட்டீங்க.”

இத்தனை நாள் அவன் தன்னை அடைத்து வைத்திருப்பது மாமனார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். கதவு, படி, அட்டை, கார், எல்லாவற்றிலும் அவர் முகத்தையே பார்த்தான். பக்கத்தில் படுத்திருந்தவளின் முகத்தை ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சரி, இப்ப கேக்கறேன். வர்றியா?”

அவள் அழ ஆரம்பித்தாள். “வர மனசு இல்லங்க. அப்பாவுக்காக இல்ல, அவர் எப்படியும் இருந்துக்குவார். ஒன்பது வருஷம் அந்தக் கூடத்துல நின்னிருக்கேன். இப்பத்தான் என் கையெழுத்து இல்லாம ஊருக்குத் தண்ணி திறக்க முடியாதுங்கற இடத்துக்கு வந்திருக்கேன். அங்க வந்து மறுபடியும் பாட்டில் கழுவ என்னால முடியாது.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க. காலம் பூரா என்னாலதான்னு உங்களுக்கு இருக்கும். காராலன்னு இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இன்னிக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அந்த இருட்டுல நீங்க அழுதது தாங்கல.”

அவன் காரை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தான். போகலாம், தனியாகவே போகலாம், மாதத்துக்கு ஒரு முறை ரயிலில் வந்து பார்க்கலாம். எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள். அதையும் யோசித்துப் பார்த்தான். தனி வீட்டில் தனிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தனாக உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. அதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது. மறுபடி அந்தப் படிக்கட்டையும் சுத்தியல் அட்டையையும் நினைத்தான். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான். அவள் மேல் இருந்த கோபமும் அடங்கவில்லை, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் காருக்குத் திரும்பி வந்தான். மலையடிவாரம் வரை ஓட்டினான், பாதி வழியில் ஒரு முறை இறங்கி மூடியைத் திறந்து மூடினான், வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். மாப்பிள்ளையை அவர் கேட்கவில்லை, சாட்சியைத்தான் கேட்டார். ஓடியதா?

ஒரு முறை நின்றது என்றாள் அவள். காரணம் தெரிந்துவிட்டது, டேங்க் மூடிக்குக் காற்று வழி இல்லை, ஒரு துளை போட்டால் போதும். இத்தனையும் உண்மை. யார் கண்டுபிடித்தது, எப்போது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மெக்கானிக் நேரே பட்டறைக்குள் போய், மூடியில் மெல்லிய துளை ஒன்று போட்டு ஊதிப் பார்த்து, கொண்டுவந்து திருகினான். மொத்தம் மூன்று நிமிட வேலை. மாமனார் அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் தடவினார்.

“சொன்ன சொல் சொன்னதுதான் மாப்ள,” என்றார். “பெட்டியைக் கட்டுங்க. என்னிக்கு ரயில்?”

அந்த நிமிடம் மெக்கானிக் தன் மனைவியைப் பார்த்தான். ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்றால், அவளே சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தான். பழி அவளுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அற்ப ஆசை அவனுக்கு இருந்தது. அவள் தலை நிமிர்ந்து, சொல்லத்தான் வாயெடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. கேட்காமல் விட்டவன் நான், பதிலை மட்டும் இவள் ஏன் சுமக்க வேண்டும் என்று அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது.

“நாங்க போகல மாமா,” என்றான். “எனக்குத்தான் மனசு வரல.”

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். பயம் விட்டுப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது, ஆனால் வாயில் வந்தது வேறு.

“கதவு திறந்தே கிடந்தாலும் சில பேர் லிஃப்டை விட்டு இறங்க மாட்டாங்க மாப்ள. முப்பது வருஷம் பாத்திருக்கேன். நீங்களும் அந்தக் கேஸ்தான்.”

அவள் அப்பாவைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். வேண்டாம் என்று மெக்கானிக் தலையசைத்தான். இன்று சாயங்காலத்துக்குள் இது தெரு முழுக்கப் பரவிவிடும் என்று அவனுக்குத் தெரியும். மாமனார் முழங்கால் வலியையும் மறந்து காருக்குள் இறங்கி, ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.

மெக்கானிக் பட்டறைக்குள் வந்து பஸ் கம்பெனிக்குப் போன் போட்டான். மேலாளர் விடுமுறை நாளிலும் எடுத்தார். ஒன்றாம் தேதி வர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றான். மனைவி கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு மாசமா இடத்தை உங்களுக்காகவே வெச்சிருக்கோம்,” என்றார் மேலாளர். “திடீர்னு என்ன ஆச்சு?”

“வீட்ல கேட்டேன் சார். வர இஷ்டம் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

“எப்ப கேட்டீங்க?”

“இன்னிக்குக் காலைலதான் சார்,” என்றான் மெக்கானிக்.

மேலாளர் போனை வைத்துவிட்டார்.